மூன்று பூனைகளுக்கு ஒரு கக்கூஸ்

ஈப்போவில் எங்கள் வாடகை வீட்டின் பின்புறத்தில் நான் கட்டிய பூனைக் கக்கூஸைப் போல் ஒன்றை அந்தக் காலத்தில் பேராக் மாநிலம் முழுக்கத் தேடியிருந்தாலும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டினவன் பேசுகிறான், கோயில் கட்டினவன் கல்வெட்டே வைக்கிறான், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? ஆறடிக்கு நாலடி. சாய்வாகத் தகரக் கூரை. உள்ளே மூன்று தடுப்பு, ஒவ்வொன்றிலும் ஈயம் தோண்டிய லம்பத்து வெள்ளை மணல். உச்சி வெயிலில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். பட்டறை நண்பன் ஒருவனிடம் பந்தயம் கட்டி ஒரு தடவை சாப்பிட்டும் காட்டியிருக்கிறேன்.

கட்டுவது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இவ்வளவு சுத்தமாகக் கட்ட எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம்.

என் அப்பா ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் கக்கூஸ் கழுவினார். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் பால் வெட்ட ரப்பர்க் காட்டுக்குள் போவார்கள். என் அப்பா மட்டும் வாளியையும் ஈர்க்குத் துடைப்பத்தையும் தூக்கிக்கொண்டு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களின் பின்பக்கம் போவார். அவர் பொறுப்பில் இருந்தவரை அந்தத் தோட்டத்தில் பேதி என்று ஊரே படுத்ததில்லை. அதற்காக யாரும் அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னதும் இல்லை. பள்ளி விடுமுறையில் நான் அவருக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்திருக்கிறேன். அப்போது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இந்தத் தோட்டத்தை விட்டு ஓடிவிட வேண்டும்.

ஓடினேன். எழுபதுகளின் பின்பாதியில் ஈப்போவில், தேய்ந்த லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று. மனைவி தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்துப் பெண். எங்கள் வீட்டுக் கதையெல்லாம் தெரிந்தே என்னைக் கட்டிக்கொண்டவள். தெரிந்ததை நேரம் பார்த்துக் குத்திக் காட்டவும் தெரிந்தவள். சீதனமாக அவள் கொண்டுவந்தது ஒரு தையல் மெஷினும் ஒரு பெண் பூனையும். ஆறு மாதத்தில் மெஷின் படுத்துவிட்டது, பூனை குட்டி போட்டது. குட்டிகளில் இரண்டைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். கறுப்பு ஒன்றும் மஞ்சள் ஒன்றும் தாயோடு எங்களிடமே தங்கிவிட்டன.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா தனியாக இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கோலாலம்பூரில். மல்லி, மிளகாய், மஞ்சள் எல்லாம் காயவைத்து அரைத்து, பசாரில் மசாலைத் தூள் விற்பது அவருடைய தொழில். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான், சித்தியவான் பக்கம். நாங்கள் குடிவந்த அன்றே, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த இடுப்பளவுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார்.

"எந்தத் தோட்டம் தம்பி?"

சொன்னேன்.

"அப்பா என்னா வேலையில இருக்காரு?"

நம் ஆட்கள் கேட்கும் இந்தக் கேள்வி வெறும் கேள்வி இல்லை, சல்லடை. வருகிற பதிலை வைத்து உங்களை எங்கே உட்கார வைப்பது, உங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்பதெல்லாம் முடிவாகிவிடும். அக்கா அந்த எண்ணத்தோடுதான் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. யோசிக்கும் முன்பே என் வாய் பதில் சொல்லிவிட்டது.

"கங்காணி, அக்கா."

கங்காணி என்றால் துரைக்கும் கணக்கு எழுதும் கிராணிக்கும் அடுத்தபடி, ஆட்களை ஏவி வேலை வாங்குகிறவர். தோட்டத்தில் அவருக்கு முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். அன்று சாயங்காலமே அக்கா ஒரு தட்டு நிறைய இட்லி அனுப்பினார். மனைவி தட்டை வாங்கி என் முன்னால் வைத்தாள்.

"கங்காணி மவனுக்கு வந்த இட்லி. நல்லா சாப்பிடுங்க."

அந்த இட்லி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் ஆறு இட்லி சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

இரண்டு வருஷம் எந்த வம்பும் இல்லாமல் போயிற்று. தட்டு இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். வம்பைக் கொண்டுவந்தவை பூனைகள். தோட்டத்துப் பூனைக்குக் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் கக்கூஸ்தான். ரப்பர் மரத்தடியில் சருகைக் கிளறினால் ஈர மண், காரியம் முடிந்தால் மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஈப்போவில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பெரும்பாலும் சிமெண்டு. மண் இருந்த ஒரு மூலையில் வீட்டுக்காரர் உடைந்த ஓடுகளைக் கொட்டி வைத்திருந்தார். பூனைகள் சுவரேறிப் பார்த்திருக்கின்றன. அக்காவின் முற்றத்தில் சாக்கு விரித்து, உருண்டை உருண்டையாக, கிளறுவதற்கென்றே செய்து வைத்தது மாதிரி கொத்தமல்லி காய்ந்துகொண்டிருந்தது. பூனையாக இருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன்.

"தம்பி, இங்க வா. இங்க வந்து மோந்து பாரு."

மோந்து பார்க்கத் தேவையே இல்லை, சுவருக்கு இந்தப் பக்கமே வந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். முகம் அவர் காயவைத்த மிளகாயைவிடச் சிவந்திருந்தது.

"ஒரு சாக்கு மல்லி லா! யாருக்கு அரைச்சு விக்கிறது இத? நாளைக்கு பசார்ல என் மூஞ்சில விட்டெறிவானுங்க. சொல்லிட்டேன், இன்னொருக்கா இப்பிடி ஆச்சு, மூணையும் சாக்குல கட்டி பஸ்ல கொண்டு போயி தூரத்து பசார்ல விட்டுட்டு வந்துருவேன். வூடு தேடி வராது, ஆமா."

பசாரில் விடுவது என்பது அங்கே எல்லாரும் செய்கிற காரியம். வேண்டாத பூனையை மீன் கடைப் பக்கம் அவிழ்த்துவிட்டால் பாவம் இல்லை, பட்டினி கிடக்காது என்று ஒரு கணக்கு. பின்வாசலில் நின்ற என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குச் சட்டென்று கண் கலங்காது. அதனால் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

"ஒரு வாரம் டைம் குடுங்க அக்கா. கக்கூஸ் கட்டித் தாரேன் பாருங்க, உங்க சுவரத் திரும்பிக்கூடப் பாக்காது."

"பூனைக்குக் கக்கூஸா? மனுசனுக்கே இங்க ஒழுங்கா இல்ல."

வீட்டுக்குள் வந்ததும் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "கட்டுவீங்க, எனக்குத் தெரியும். நல்லாவே கட்டுவீங்க. எங்க கத்துக்கிட்டேன்னு அக்கா கேட்டா? கங்காணி வெரட்டி வெரட்டிச் சொல்லிக் குடுத்தாருன்னா சொல்லுவீங்க?"

"கேக்கட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். ஓடுகளை அள்ளி ஒதுக்கிவிட்டு அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தேன். காலை வெயில் நேராக விழும் இடம் அது. கக்கூஸுக்கு வெயில்தான் முதல் வேலையாள் என்பது என் அப்பாவின் கட்சி. ஓர் அடி ஆழம் தோண்டினேன். அடியில் சுண்ணாம்புக் கல் சில்லு. ஈப்போவில் மலைக்கா பஞ்சம்? அதன்மேல் உடைத்த அடுப்புக்கரி ஒரு அடுக்கு. நீர் கீழே இறங்க வேண்டும், வாடை மேலே ஏறக் கூடாது, கரி பிடித்துக்கொள்ளும். தரையை ஒரு சாண் சரிவாக விட்டு, தாழ்ந்த முனையில் மூடி போட்ட ஒரு சின்னக் குழி. எல்லாவற்றுக்கும் மேலே மணல். ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட லம்பங்கள் ஈப்போவைச் சுற்றி எத்தனையோ. அங்கே கிடக்கும் மணல் கழுவிக் கழுவி உப்புத்தூள் மாதிரி வெளுத்திருக்கும். சைக்கிளில் எட்டு நடை போய் அள்ளி வந்தேன்.

மூன்று பக்கம் பலகை அடைத்தேன். முன்பக்கம் திறப்பு, பின்பலகையில் பூனை நுழைகிற அளவுக்கு இன்னொரு திறப்பு. ஒரே வாசல் உள்ள இடத்துக்குள் பூனை நம்பி உட்காராது, இன்னொரு பூனை வந்து மறித்துக்கொள்ளும் என்ற பயம் அதற்கு. உள்ளே மூன்றாகத் தடுத்தேன். ஏன் மூன்று என்று கேட்பவர்கள் தோட்டத்தில் குடியிருந்ததில்லை. எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கக்கூஸ் என்பதில்தான் லயத்துச் சண்டையில் பாதி தொடங்கும். மனிதனுக்கே பொறுக்கவில்லை, பூனை பொறுக்குமா?

அள்ளுவதற்கு ஒரு கருவியும் செய்தேன். ரப்பர்ப் பால் வடிகட்டும் கம்பி வலைத் துண்டு ஒன்று, தோட்டத்திலிருந்து வந்தது, வீட்டில் கிடந்தது. அதை ஒரு குச்சியில் கட்டினேன். மணலுக்குள் விட்டு அசைத்தால் மணல் கீழே கொட்டிவிடும், கட்டி மட்டும் வலையில் நிற்கும். அதைப் பின்வேலி ஓரத்து வாழைக்கடியில் புதைத்தால் வாழைக்கும் ஆயிற்று. வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. தள்ளி நின்று பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. அந்தத் திருப்தியில்தான், கை பழகிய பழக்கம், கடைசியாக ஒரு காரியம் செய்தேன். இரண்டு தகர டப்பா சுண்ணாம்புத் தூளை எடுத்து மணல்மேல் வெள்ளை வெளேரென்று தூவிவிட்டேன்.

தோட்டத்துக் கக்கூஸ் என்றால் சுண்ணாம்பு இல்லாமல் இருக்காது. கழுவி முடித்ததும் அப்பா கோலம் போடுவதுபோலத் தூவிவிட்டு வருவார். வெள்ளையாகத் தெரிந்தால்தான் துரை வந்து பார்க்கும்போது வேலை முடிந்ததாகக் கணக்கு. அங்கே போகிறவர்கள் செருப்பு போட்டுக்கொண்டு போகிறவர்கள், செருப்பு இல்லாவிட்டாலும் போய்விட்டுக் காலை நக்குகிறவர்கள் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

தாய்ப் பூனையைத் தூக்கிப்போய் மணலில் விட்டேன். நான்கு அடி வைத்தது. முன்காலைத் தூக்கி உதறியது. இன்னொரு காலையும் உதறியது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரே தாவில் சுவரேறி, நேராக அக்காவின் புது மல்லிச் சாக்குக்குப் போய், நிதானமாகக் கிளறி உட்கார்ந்தது. அக்கா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், கக்கூஸ் திறப்பு விழாவைப் பார்க்க.

"நல்லாருக்கு தம்பி. ரொம்ப நல்லாருக்கு" என்றார். "சாக்கு எடுத்துட்டு வாரேன், இரு."

நான் சுவரைத் தாண்டிக் குதித்து, பூனையைத் தூக்கி மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதன் பாதத்தைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே என்னைத் திட்டினாள். அக்காவுடைய மல்லிக்குப் பதில் மல்லி வாங்கித் தந்துவிடுகிறேன், இன்னும் இரண்டே நாள் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. அன்று நன்றாகவே வந்தது. மேல்மணல் முழுவதையும் வழித்துப் போட்டு, மறுபடி லம்பத்துக்குப் போய்ப் புது மணல் கொண்டுவந்தேன். சுண்ணாம்பு இனி கீழே மூடி போட்ட குழிக்கு மட்டும். கடைசியாக, அக்காவின் முற்றத்தில் பூனை விட்டுச் சென்றதைக் கொஞ்சம் எடுத்து மூன்று தடுப்பிலும் புதைத்து வைத்தேன். தன் வாடை இருக்கிற இடத்தைத்தான் பூனை தன் இடம் என்று நம்பும். ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் முதலில் போனது, பிறகு கறுப்பு. தாய் கடைசியாக, யோசித்து யோசித்துப் போனது. அதன் பிறகு அந்த மூன்றும் அக்காவின் சுவர்ப் பக்கம் போனதை யாரும் பார்க்கவில்லை.

அக்கா ஒரு மாதம் வேவு பார்த்தார். பிறகு ஒரு நாள் தானே இந்தப் பக்கம் வந்தார், குனிந்தார், மூச்சை இழுத்தார், நிமிர்ந்தார்.

"அட! ஒண்ணுமே தெரியல தம்பி. எங்க கத்துக்கிட்ட இத?"

கேட்டுவிட்டார். மனைவி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஆனால் ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் இலவசம்.

"எங்க அப்பா தோட்டத்துல கக்கூஸ் வேலைக்கெல்லாம் மேப்பார்வை பாத்தாரு அக்கா. கூட நின்னு பாத்தது."

"அப்பிடிச் சொல்லு! கங்காணின்னா அவரு கங்காணி. ஒரு நாளைக்கு அவரக் கூட்டியாயேன், பாக்கணும்."

எண்பதுகள் பிறந்து, தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை நட ஆரம்பித்திருந்தார்கள். அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார். அம்மா இறந்து நாலைந்து வருஷம். கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லி அனுப்பினார். ஈப்போவுக்கு வாருங்கள், கண்ணைக் காட்டிக் கண்ணாடி வாங்கலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். பொய்யைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று பஸ் நிலையத்தில் நினைத்தேன், டவுன் பஸ்ஸில் நினைத்தேன், வீட்டுச் சந்து திரும்பும்போதும் நினைத்தேன். சொல்லவில்லை. பெற்ற அப்பாவிடம், உன் தொழிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

வாசலிலேயே அக்கா நின்றார், கையைக் கூப்பிக்கொண்டு.

"வாங்க கங்காணி ஐயா! பசியாறிட்டீங்களா?"

அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வருகிறார்கள் என்று. யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பசியாறிட்டேம்மா" என்றார்.

அக்கா விடவில்லை. தன் வீட்டுப் பின்முற்றத்தில் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தார். எவர்சில்வர் டம்ளரில் பால் ஊற்றிய தேத்தண்ணி கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். தோட்டத்துக் கடையில் என் அப்பாவுக்கென்று ஒரு பால் டின் தனியாக வெளியே ஆணியில் தொங்கும். கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார், அப்பா நின்றபடியே குடிப்பார், குழாயடியில் கழுவி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு வருவார். அடுத்தவர் வீட்டு டம்ளரில் அவர் தேத்தண்ணி குடித்து நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

நான் மலைத்துப் போனேன். பெரட்டு எடுத்த கதை, மழை பெய்தால் வேலை உண்டா இல்லையா என்று துரையிடம் வாதாடிய கதை, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரியாகத் துடைக்காமல் வெட்டுகிறவர்களைத் திரும்பக் காட்டுக்குள் அனுப்பிய கதை. கால்மேல் கால் போடவில்லை, மற்றபடி கங்காணியேதான். குரல்கூட எங்கள் தோட்டத்துக் கங்காணியின் குரல். அக்கா முகவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது மஞ்சள் பூனை தன் இடத்துக்குப் போய் வேலையை முடித்து, மணலை மூடிவிட்டு வந்தது. அக்கா அதைச் சுட்டிக் காட்டினார்.

"உங்க மவன் கட்டுனதப் பாத்தீங்களா ஐயா? எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததாம். எங்க தோட்டத்துலயும் ஒரு தோட்டி இருந்தான். அவன் நடந்து வந்தா நாங்கெல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவோம். கல்லுகூட விட்டிருக்கோம், சின்னப் பிள்ளைங்கல்ல. உங்கள மாதிரி ஒரு கங்காணி இருந்திருந்தா அவனுக்கு வேல எப்பிடிச் செய்யிறதுன்னு சொல்லிக் குடுத்திருப்பீங்க."

அப்பா சிரித்தார். "ஆமாம்மா" என்றார்.

அந்த 'ஆமாம்மா'வை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் சொன்னது பொய்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எங்க அப்பா கங்காணி இல்ல. முப்பது வருசம் தோட்டத்துல கக்கூஸ் கழுவுனாரு. யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கல. இந்த வேலையெல்லாம் அவரோடது. அவரு கழுவுன எடத்துல நீங்க சோறு சாப்பிடலாம்."

அக்காவின் கை முகவாயிலேயே இருந்தது. அப்பா டம்ளரில் மிச்சம் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்தார். முற்றத்துக் குழாயடிக்குப் போய், கொஞ்சம் சாம்பல் எடுத்து டம்ளரை உள்ளும் புறமும் தேய்த்தார். மூன்று தடவை அலசினார். சுவர்மேல், அக்கா பக்கத்து ஓரத்தில், அதைக் கவிழ்த்து வைத்தார். அப்படிச் செய்யச் சொல்லி ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"யாருடா உன்னக் கேட்டா?"

"அப்பா, அவங்க கல்லு விட்டோம்னு சொல்றாங்க, நீங்க..."

"எம்மேலயா விட்டா? எனக்குப் படாத கல்லா? முப்பது வருசம் கங்காணி பேசுறத நின்னுக்கிட்டே கேட்டவன்டா நான். இன்னைக்கி ஒரு நாளு ஒக்காந்து பேசிப் பாத்தேன். ஒரு டம்ளரு தண்ணி நிம்மதியா குடிச்சேன். அது உனக்குப் பொறுக்கல." மூச்சு வாங்கியது அவருக்கு. "பொய் சொன்னப்பவும் உனக்காகச் சொன்ன. உண்மையச் சொன்னப்பவும் உனக்காகத்தான்டா சொன்ன."

வாய் நீளம் என்று பெயரெடுத்தவன் நான். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகு இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறுநாள் கண்ணைக் காட்டிக் கண்ணாடிக்கு அளவு கொடுத்தோம். பஸ் ஏறும்போது, "கண்ணாடி வந்தா நீயே கொண்டா. நான் இனிமே அந்த வூட்டுக்கு வர மாட்டேன்" என்றார்.

டம்ளர் சுவர்மேலேயே இருந்தது. முதல் நாள் அக்கா வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் மழை கொட்டியது, டம்ளர் அப்படியே கவிழ்ந்தபடி நனைந்தது. எங்கள் தட்டு ஒன்று அந்த வீட்டில் இருந்தது, அதுவும் திரும்பவில்லை. மனைவி டம்ளரை எடுத்து உள்ளே வைக்கிறேன் என்றாள்.

"தொடாத" என்றேன். "அது அவங்க சாமான். வேணும்னா எடுத்துக்கட்டும், வேணாம்னா அப்பிடியே கெடக்கட்டும். நமக்கும் தெரிஞ்சாகணும்ல."

தைரியமாகத்தான் சொன்னேன். காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்த்தது அந்த டம்ளரைத்தான். வேறு வீடு பார்க்க வேண்டி வரும் என்று மனைவியிடம் சொல்லவும் செய்தேன். பூனைகளுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. நேரத்துக்குப் போயின, மூடிவிட்டு வந்தன.

நாலாம் நாள் காலை, நான் வலையை வைத்து மணலைச் சலித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா ஒரு கையில் கோப்பிக் கேத்தலோடு நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

"என் டம்ளர எத்தன நாளைக்கு மழையில போட்டு வெப்பீங்க?"

நான் எழுந்து நின்றேன். அக்கா டம்ளரை எடுத்து நிமிர்த்தினார். கழுவவில்லை, துடைக்கவும் இல்லை. கேத்தலைச் சாய்த்துக் கோப்பியை நிறைய ஊற்றி, என் கண்ணைப் பார்த்தபடியே குடித்தார். சூடாக இருந்திருக்கும், நிறுத்தி நிறுத்திக் குடித்தார். முழுவதும் குடித்து முடித்தார்.

"பொய் சொன்னியே, அதுக்கு உன்ன நாலு அறை அறையலாம்" என்றார். "நான் அதுக்காக வராம இருக்கல. கல்லு விட்டேன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னேன்ல. அதையும் கேட்டுக்கிட்டு ஆமாம்மான்னாரு பாரு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க முன்னால வந்து நிக்கிறது? போய் அவரக் கூட்டியா. அவரு வந்து இந்த நாக்காலியில ஒக்காரணும்."

வெட்கப்படாமல் அழுதேன், கையில் பூனை மணல் வலையோடு.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஆயர் தாவாருக்குப் போனேன். அப்பா லயத்து வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நீட்டினேன். மாட்டிக்கொண்டு எதிரே நட்டிருந்த பனங்கன்றுகளைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. நானே பேச ஆரம்பித்தேன். அக்கா கேத்தலோடு வந்தது, சொன்னது, குடித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கழுவிட்டுக் குடிச்சிச்சா?"

"இல்லப்பா. நீங்க கவுத்து வெச்சத அப்பிடியே நிமித்தி ஊத்திக் குடிச்சாங்க. கடைசிச் சொட்டு வரைக்கும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். பனியன் நுனியில் அதை நன்றாகத் துடைத்தார், அது புதுக் கண்ணாடி என்றபோதும். மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஈப்போவுக்கு அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டே சட்டையைத் தேடினார்.